கண் நம்பும்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுவாரம் ஊருக்குப் போயிருந்தேன். 2024 டிசம்பர். மரக்காணம் தாண்டும்போது உப்பளம் எது, ஏரி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். சாதாரண நாளில் அந்தச் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிட்டத்தில் இருக்கும் உப்புக் குவியல்கள் விருட்டென்று பின்னால் ஓடும், தூரத்துப் பனைமரங்கள் மெதுவாக நகரும், அதற்கும் பின்னால் மேகம் நகரவே நகராது. சின்ன வயதில் இதைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் போய்ச் சேருவேன். அனிமேஷன்காரர்கள் இதே விஷயத்தை வைத்துத்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. மூன்று அடுக்குப் படங்களை மூன்று வேகத்தில் நகர்த்தினால் போதும், புதிதாக ஒரு கோடுகூட வரைய வேண்டாம். பார்ப்பவன் தானே பயணம் போவதாக நினைத்துக்கொள்வான்.

எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டு. ஊர் தெரியாதவர்களுக்குக்கூட மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் தெரிந்திருக்கும். கோயிலைச் சுற்றி வெட்டக்கூடாத பழைய காடு, வேண்டுதலுக்கு வைத்த குதிரைகள். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021இல் அரசு அதன் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நான் பார்க்கப் போனது அந்த முகாமில் இருக்கும் என் பள்ளி நண்பனை. பள்ளியில் அவனை எல்லோரும் 'குதிரை' என்றுதான் கூப்பிடுவோம். எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் காம்பஸ் முனையால் அய்யனார் குதிரை ஒன்றைக் கீறிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இப்போது பெயிண்டர். முகாம் ஆண்களில் பாதிப்பேருக்குமேல் பெயிண்ட் வேலைதான் என்று அவனே சொல்வான். சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்.

அன்று ராத்திரி அவன் வீட்டில், அவனும் அவன் அம்மாவும் நானும், என் லேப்டாப்பில் ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 2010ஐச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் தலைமுறைக்கு ஜப்பான் அனிமேஷன் ஜப்பான் என்று தெரியாமலேயே வந்து சேர்ந்தது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடிய மோக்லி, நிப்பான் அனிமேஷன் 1989இல் எடுத்த தொடர். இந்திக்காரன் எடுத்தது என்றே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு ஹாஸ்டலில் ஹார்ட் டிஸ்க் வழியாக மற்றதெல்லாம் வந்தது. அதில் என்னைப் பிடித்து உலுக்கியது 25 நிமிஷப் படம் ஒன்று: மகோதோ ஷின்காயின் 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்', 2002. கேம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, ஒரு பவர் மேக் ஜி4 கம்ப்யூட்டரில் ஏறக்குறையத் தனி ஆளாகச் செய்த படம். முதல் வடிவத்தில் ஆண் குரலும் அவருடையதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையனுக்கு இதைவிடப் போதை தரும் கதை வேறு உண்டா? ஒரு மிஷின், ஒரு ஆள், ஒரு படம். அப்படியென்றால் நானும்தான்.

அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்து நான் கண்டுபிடித்தது, அதில் ஆட்கள் ரொம்பக் குறைவாகத்தான் அசைகிறார்கள் என்பது. வானம் அசையும். ரயில் கடக்கும். காலி வகுப்பறையில் வெளிச்சம் நகரும். பெண் பேசிக்கொண்டே இருப்பாள், ஆனால் திரையில் இருப்பது செல்போனும் படிக்கட்டும் மழையும். வாய் அசைவு வரைவது பெரிய வேலை. ஷின்காய் அந்த வேலையைக் கதைக்குள்ளேயே இல்லாமல் செய்துவிட்டார். இருவரும் ஒளியாண்டு தூரத்தில் இருந்து குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள், முகத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. வசதி இல்லாததை மறைக்காமல் அதையே கதையாக்குவது என்ற புத்தி அங்கே எனக்கு முதலில் பிடிபட்டது.

இது ஷின்காய் கண்டுபிடித்ததில்லை. 1963 ஜனவரி 1ஆம் தேதி ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' டிவியில் தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேரம். சினிமாவுக்கு வினாடிக்கு 24 ஃபிரேம். டிஸ்னி பாணியில் 24 அல்லது 12 படம் வரைவார்கள். தெசுகாவின் ஆட்கள் ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு வைத்து வினாடிக்கு 8 என்று முடித்தார்கள், பல இடத்தில் அதுவும் இல்லை. பேசும்போது வாய் மட்டும். பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வாரங்களிலும் போடுவது. முப்பது வருஷம் கழித்து 'இவாஞ்சலியன்' தொடரின் 24ஆவது பகுதியில் ஒரே அசையாத படம் ஏறக்குறைய ஒரு நிமிஷம் திரையில் நிற்கும், பின்னால் பீத்தோவன். காசும் நேரமும் தீர்ந்துபோனதால் அப்படி என்பார்கள். இருக்கட்டும். ஹாஸ்டல் ரூமில் அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.

2010 செமஸ்டர் லீவில் நானும் குதிரையும் ஒரு படம் எடுத்தோம். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. அய்யனார் ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்று ஆயாக்கள் சொல்லும் கதைதான். கணக்குப் போட்டேன்: வினாடிக்கு 8 என்றாலே 800 படம். அவன் பகலில் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வரைய வேண்டும். முகாமில் பெயர் சரிபார்க்கும் நாள் வந்தால் எங்கேயும் நகர முடியாது. என்னிடம் இருந்தது ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்கேனர், இரவல் லேப்டாப். அவன் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ளதைத் தானாக உண்டாக்க நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அது குதிரையை ஓட வைக்கவில்லை, கரைய வைத்தது. கால்கள் புகை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போயின. "பேய் படம்னு பேர் வச்சிடலாம்" என்றான்.

பிறகு அவன்தான் சொன்னான். "குதிரை ஓட வேணாம்டா. சத்தம் மட்டும் வரட்டும். ஓடுறத நாய் பாக்கட்டும்."

அப்படித்தான் செய்தோம். கடைசி வரை குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும். குளம்படி கேட்கும், தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிப் பதிவு செய்தோம். தெருவில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கி, கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்தி, பிறகு மூடிக்கொள்ளும். காட்டில் ஒரு கிளை ஆடும். விடிந்ததும் குதிரையின் காலில் ஈர மண் ஒட்டியிருக்கும். மொத்தம் 212 படங்களில் முடிந்துவிட்டது. அந்த 212இல் ஒன்றைக்கூட நான் வரையவில்லை.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. வீடியோ எஃபெக்ட்ஸுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். படத்தைப் போட்டுக் காட்டினேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் "குதிரை ஏன் ஓடவே இல்லை?" என்று கேட்டார். பட்ஜெட்டைக் கலையாக மாற்றுவது, இல்லாததைப் பார்வையாளரின் கண்ணுக்குள் வைப்பது என்று அழகாக ஐந்து நிமிஷம் பேசினேன். ஷின்காய், தெசுகா எல்லாரும் வந்தார்கள். குதிரை வரவில்லை. என் முடிவு என்று வாய்விட்டுச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை; அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. வேலை கிடைத்தது. யூடியூபில் ஏற்றியபோது கடைசியில் என் பெயர், கீழே பொடி எழுத்தில் 'ஓவிய உதவி' என்று அவன் பெயர். உதவியாம்.

இதற்குப் பிறகுதான் ஜப்பான் படங்களின் சிக்கனத்தை நான் வேறு மாதிரி படிக்கத் தொடங்கினேன். தெசுகா முதல் தொடரை அடக்க விலைக்கும் கீழே டிவிக்கு விற்றார். நஷ்டத்தைப் பொம்மைகளிலும் மிட்டாய் விளம்பரத்திலும் ஈடுகட்டலாம் என்ற கணக்கு. அவருக்கு அது பலித்தது. ஆனால் அந்த விலையே பின்னால் வந்த எல்லாருக்கும் விலையாகிவிட்டது என்பது ஒரு பழைய குற்றச்சாட்டு. 1989இல் தெசுகா இறந்தபோது ஊரே அஞ்சலி எழுதிக்கொண்டிருக்க, மியாசாகி இதை வெளிப்படையாகவே எழுதினார். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத் தோன்றும், தெசுகா இல்லாவிட்டால் அந்தத் துறையே இல்லை. ஆனால் எண்கள் மியாசாகி பக்கம்தான் நிற்கின்றன. ஜப்பான் அனிமேட்டர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைகிறவர்களின் சராசரி வருஷ வருமானம் ஏறக்குறைய 11 லட்சம் யென். டோக்கியோவில் அதை வைத்து வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது. கூலி படக் கணக்கில். எத்தனை படமோ அத்தனை காசு.

அதனால் 'குறைந்த பட்ஜெட்டில் நிறைந்த கலை' என்று யாராவது உருகினால் எனக்கு இப்போது ஒரு கேள்வி வருகிறது. அந்தக் குறைவு யார் பையிலிருந்து? கீதாஞ்சலி ராவ் 'பிரின்டட் ரெயின்போ'வை வருஷக்கணக்கில் உட்கார்ந்து தானே வரைந்தார். 15 நிமிஷப் படம், 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசுகள் வாங்கியது. தீப்பெட்டிப் படங்களுக்குள் போய்வரும் ஒரு கிழவியின் கதை, தீப்பெட்டிப் படம் சேகரித்தவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டியது. அங்கே கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது: அவருடைய கை, அவருடைய வருஷங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தகாஹாதாவின் 'இளவரசி ககுயா' (2013) பாதியில் விட்ட கரித்துண்டு ஓவியம் மாதிரி இருக்கும், பாதித் திரை வெள்ளையாகவே கிடக்கும். செலவு 500 கோடி யென். ஏழ்மையாகத் தெரிவது வேறு, ஏழ்மை வேறு.

சரி, அன்று ராத்திரி. கரன்ட் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூரை ஷீட்டில் ஒரு மூலை பெயர்ந்து, தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த படம் சுனாவோ கதாபுச்சியின் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்', 2016. போர்க்காலத்தில் ஹிரோஷிமாவிலிருந்து பக்கத்து ஊரான குரேவுக்குக் கல்யாணமாகிப் போகும் சுசு என்ற பெண்ணின் கதை. படம் வரையும் பெண். கடல்பாசி உலர்த்தும் குடும்பம். கதாபுச்சி இதற்காக 2010இலிருந்து அலைந்தார், பணம் போட ஆள் இல்லை. கடைசியில் 2015இல் இணையத்தில் கையேந்தினார். 3,374 பேர் சேர்ந்து 3 கோடியே 91 லட்சம் யென் கொடுத்தார்கள். முழுப் படத்துக்கு அது போதாது. அதை வைத்து ஆட்களைச் சேர்த்து, மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்துக் காட்டி, மற்ற பணத்தைப் புரட்டினார்கள். முதலில் வெறும் 63 தியேட்டர்.

கையில் காசில்லாத இந்த ஆள் எங்கே செலவு செய்தார் என்பதுதான் விஷயம். அணுகுண்டில் அழிந்த தெருக்களில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று, அங்கே வாழ்ந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டுக் கேட்டு வரைந்தார். படத்தில் சில வினாடிகள் வந்துபோகும் கடைகள். இன்னொரு செலவு, சுசுவின் அசைவு. ஜப்பான் டிவி பாணியில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் பெரிய தாவல் இருக்கும், கண் அதை நிரப்பிக்கொள்ளும். கதாபுச்சி எதிர்ப்பக்கம் போனார். தலையைத் திருப்புவது, ஊசி கோப்பது மாதிரியான சின்ன அசைவுகளுக்குள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில் கூடுதல் படங்களை வைத்தார். அதனால்தான் அவள் மந்தமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவள் மாதிரி, நிஜமாக அங்கே இருக்கிறாள். சண்டையில் மிச்சம் பிடித்து ஊசிநூலில் செலவழித்திருக்கிறார்.

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "விடு தம்பி, விளங்குது" என்றார். ரேஷன் குறையும் கட்டத்தில் சுசு ஒரு சோறு சமைப்பாள். அரிசியை வறுத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பொங்கினால் உப்பிப் பெருகி நிறைய மாதிரி தெரியும். குடும்பமே ஆசையாக வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "உதெல்லாம் நாங்களும் செய்து பாத்ததுதான். ஊற வச்சா கண் நம்பும் தம்பி. வயிறு நம்பாது."

விமானங்கள் வரும் காட்சியில் வானத்தில் குண்டுப் புகை வெடிக்க, சுசுவுக்கு அது யாரோ தூரிகையை உதறி வண்ணம் தெளித்தது மாதிரித் தெரியும். வானமே ஓவியத்தாள் ஆகிவிடும். குதிரை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை. பதுங்குகுழிக்குள் எல்லாரும் அடைந்து கிடக்கும் காட்சி வந்தபோது எழுந்துபோய்த் தேத்தண்ணி வைத்தார். மூன்று பேருக்கும் ஊற்றிக்கொண்டு வந்து, முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லாமல் கதவோரம் உட்கார்ந்தார்.

1945 ஜூன் 22. சுசு கணவனின் அக்கா மகளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறாள். நேரம் வைத்து வெடிக்கும் குண்டு. அந்த இடத்தில் வண்ணம், பின்னணி எல்லாம் போய்விடுகிறது. கறுப்புத் திரையில் ஃபிலிமை நகத்தால் கீறின மாதிரி வெள்ளைக் கோடுகள் துடிக்கின்றன. படத்திலேயே பெரிய இழப்பு வெறும் கீறல்களில்தான் இருக்கிறது. குழந்தை போய்விட்டது. பிடித்திருந்த சுசுவின் வலது கையும், வரைகிற கை, போய்விட்டது. அதற்குப் பிறகு வரும் சில பின்னணிகள் கோணல்மாணலாக, இடது கையால் வரைந்தது மாதிரி இருக்கும்.

குதிரை அந்த இடத்தில் மட்டும் "திரும்பப் போடு" என்றான். போட்டேன். இன்னொரு தரம் கேட்டான். "இங்க எதுவுமே வரையல பாரு," என்றான். "வரைஞ்சிருந்தா பாத்துட்டுப் போயிருப்போம்."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. ஜப்பானிய எழுத்தில் வரிசை வரிசையாக, நிற்காமல். ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களாக வேறொரு கதை ஓடுகிறது. கடைசியில் அந்த இல்லாமல்போன கை வந்து டாட்டா காட்டும்.

"அந்தப் பேரெல்லாம் ஆர்?" என்று அம்மா கேட்டார்.

"படம் எடுக்கக் காசு குடுத்தவங்கம்மா. மூவாயிரத்துச் சொச்சம் பேர்."

"ஓ," என்றார். "நான் செத்த ஆக்கள் எண்டு நினைச்சன்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் குதிரை கூட வந்தான். சாலையோரம் புயலில் சாய்ந்த சவுக்கு மரங்களை வெட்டி அடுக்கியிருந்தார்கள். பதிமூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன்: இன்டர்வியூ, அந்தக் கேள்வி, நான் பேசினது. பாதியிலேயே "தெரியும்" என்றான். "நீ யூடியூப்ல போட்ட அன்னிக்கே பாத்தேன். உதவின்னு போட்டிருந்த."

பெயரை மாற்றிவிடுகிறேன், கதை, ஓவியம், இயக்கம் எல்லாம் உன் பெயரில், இன்றைக்கே, என்றேன். வேண்டாம் என்றான். குடியுரிமைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் இணையத்தில் எங்கேயும் பெயர் வர வேண்டாம் என்று வீட்டில் முடிவு. இந்தக் கட்டுரையில் அவன் பெயர் இல்லாததும் அதனால்தான். இந்தத் தடவை அவன் கேட்டுக்கொண்டது.

பஸ் வெளிச்சம் தெரிந்தது. "ஒண்ணு மட்டும் மாத்து," என்றான். "அந்த நாய் கண்ண மூடுறது ரெண்டு ஃபிரேம் முன்னாடியே வருது. குளம்பு சத்தம் முழுசா போனப்புறம்தான் அது மூடணும். அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், நீ ஊருக்குப் போயிட்ட."

மரக்காணம் வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். இரண்டு ஃபிரேம்தான்.